மறு: "பரும வேற்றுச்சந்தி" சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு வேறு பொருள்கள் சந்திக்கும் எல்லை வேற்றுச்சந்தி. அதில் ஒரு வகையான "பல்க் ஹெட்டரோஜங்ஷன்" (bulk heterojunction) என்பதற்குத் தமிழில் "பரும வேற்றுச்சந்தி" சரியா என்று கேட்டு ஓடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பலபடிகளை (பாலிமர்களை) வைத்துச் சூரிய மின்கலம் செய்வது சில ஆண்டுகள் எனக்குப் பிழைப்பாக இருந்தது. அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பல்க் ஹெட்டரோஜங்ஷனுக்கு "மொத்த வேற்றுச்சந்தி" போடலாமா?

வேண்டாம் ஐயா. மொத்தம் என்றதும் எனக்கு அரிசி மண்டிதான் நினைவுக்கு வருகிறது. "மொத்தச் சந்தி" என்று ஒன்று இருந்தால் "சில்லறைச் சந்தி" எங்கே என்று மாணவர்கள் கேட்பார்கள்.

> பல்க் மாடுலஸ் நம் பாடநூல்களில் பருமக் குணகம். அதே "பரும"வை இங்கும் வைத்தால் ஒருமை இருக்குமே.

இது நல்ல வாதம், எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் பருமக் குணகத்தில் பேச்சே பருமனைப் பற்றியது: ஒரு பொருளை எல்லாப் பக்கமும் அமுக்கினால் பருமன் எவ்வளவு சுருங்கும் என்பது. இங்கே பேச்சு பருமனைப் பற்றியது அல்ல. சந்தி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றியது. தவிர, நாம் பேசும் மின்கலத்தில் ஒளியை விழுங்கும் படலத்தின் தடிப்பு 100 நானோமீட்டர் அளவு, தலைமுடியின் தடிப்பில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைப் போய்ப் "பரும" என்றால் ஒல்லிப்பிச்சானைக் குண்டன் என்று கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.

சரி, அந்தச் சொல் எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

சிலிக்கானில் ஒளி பட்டால் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம், நேர்மின்னூட்டம் போல நடந்துகொள்ளும்) அநேகமாக உடனே பிரிந்து தனித்தனியே நடமாடத் தொடங்கிவிடும். பலபடியில் அப்படி இல்லை. இரண்டும் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு சோடியாகவே திரியும். அறை வெப்பம் கொடுக்கும் ஆற்றல் 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். இந்தப் பிடியை விடுவிக்க அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். சிலிக்கானில் சுற்றியிருக்கும் பொருளே அந்த ஈர்ப்பை மழுங்கடித்துவிடுகிறது, பலபடிக்கு அந்தத் திறன் குறைவு. இந்தச் சோடிதான் எக்ஸைட்டான். 1931இல் ஃபிரெங்கெல் முன்வைத்த கருத்து.

இதற்கு ஒரு நண்பர் "கிளர்மின்னி" என்று முன்மொழிந்திருந்தார். ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் மின்னி என்றாலே மின்னூட்டம் உள்ள துகள் என்று ஆகிவிடும். எக்ஸைட்டானின் முக்கியமான குணமே நிகர மின்னூட்டம் இல்லாததுதான். அதனால்தான் மின்புலம் வைத்து அதை இழுக்க முடிவதில்லை, அதனால்தான் இத்தனை பாடு. இரண்டு சேர்ந்த ஒன்று என்பது பெயரிலேயே தெரியட்டும் என்று "கிளரிணை" என்கிறேன். இதில் பெரிய எதிர்ப்பு வராது என்று நினைக்கிறேன், வந்தால் தனி இழை தொடங்குவோம்.

கிளரிணையைப் பிரிக்க ஒரு வழி, எலக்ட்ரானை இன்னும் அதிகமாக விரும்பும் இரண்டாவது பொருளின் எல்லைக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்துவது. எலக்ட்ரான் அந்தப் பக்கம் தாவிவிடும், துளை இந்தப் பக்கமே நிற்கும். கோடாக் நிறுவனத்தில் சிங் டாங் இரண்டு கரிமப் பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்து, ஏறத்தாழ 1 சதவீதத் திறனுள்ள மின்கலத்தை 1986இல் வெளியிட்டார். வேற்றுச்சந்தி என்பது அங்கே ஒரே ஒரு தளம், தோசைக்கல்லில் ஒரு தோசைமேல் இன்னொரு தோசை வைத்தது போல.

சிக்கல் எங்கே என்றால், கிளரிணையால் தன் ஆயுளுக்குள் ஏறக்குறைய 10 நானோமீட்டர்தான் நகர முடியும். ஒளியைப் போதுமான அளவு விழுங்கவோ 100 நானோமீட்டராவது தடிப்பு வேண்டும். ஆக, எல்லையை ஒட்டிப் பிறந்தவை பிழைக்கும், தள்ளிப் பிறந்தவை வழியிலேயே அவிந்துபோகும். ஒளியை விழுங்கியும் பயனில்லை.

1992இல் சரிசிஃப்சி, ஹீகர் என்ற ஆய்வாளர்களும் அவர்கள் குழுவினரும், மின்கடத்தும் பலபடியிலிருந்து ஃபுல்லரீனுக்கு (கரி அணுக்களால் ஆன பந்து போன்ற மூலக்கூறு) எலக்ட்ரான் மிக விரைவாகத் தாவுகிறது என்று காட்டினார்கள். 1995இல் சாண்டா பார்பராவில் ஹீகர் குழு, நன்றாகக் கரையும்படி மூலக்கூற்றில் ஒரு வால் ஒட்டிய ஃபுல்லரீனையும் பலபடியையும் ஒரே கரைசலில் கலந்து படலமாக்கியது. அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் இரண்டு பலபடிகளைக் கலந்து இதே வழிக்கு வந்தார்கள். கிளரிணை எல்லையைத் தேடிப் போக வேண்டாம், எல்லையே படலம் முழுக்கப் பரவி அதன் பக்கத்தில் வந்து நிற்கட்டும் என்பதுதான் யோசனை. ஆங்கிலத்தில் "பல்க்" என்று அவர்கள் சொல்ல வந்தது இதைத்தான்: சந்தி ஒரு தளத்தில் இல்லை, உடல் முழுக்க இருக்கிறது.

> அப்படியானால் "கலவைச் சந்தி" போதுமே?

கிட்டத்தட்ட வந்துவிட்டோம், ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அணியிலக்கணக்காரர்கள் கலப்பை இரண்டாகப் பிரிப்பார்கள்: பாலும் நீரும் கலந்தது போல, எள்ளும் அரிசியும் கலந்தது போல. இங்கே பாலும் நீருமாகக் கலந்தால் காரியம் கெட்டது. பிரிந்த எலக்ட்ரான் நடந்துபோகத் தனிப் பாதையே இருக்காது, எதிரே வரும் துளையோடு மறுபடி சேர்ந்துவிடும். எள்ளும் அரிசியுமாக இருக்க வேண்டும், அதிலும் எள் எள்ளைத் தொட்டு ஒரு மின்முனை வரைக்கும், அரிசி அரிசியைத் தொட்டு மறு மின்முனை வரைக்கும் போக வேண்டும். வேரும் மண்ணும் போல என்றால் இன்னும் பொருந்தும். வேரும் அறுபடாமல் ஓடுகிறது, மண்ணும் அறுபடாமல் கிடக்கிறது, ஒன்றையொன்று தொடாத இடமே இல்லை.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாலிதையோஃபீன் வகைப் பலபடியைக் குளோரோபென்சீனில் கரைத்தால் குங்குமப்பூப் போட்ட பால் மாதிரி நல்ல ஆரஞ்சு நிறம். சுழலும் கண்ணாடித் தகட்டின்மேல் சில சொட்டு விட்டு, படலம் மெதுவாகக் காய்கிறபோது குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தால், ஓரத்திலிருந்து நாவல்பழ நிறம் ஏறும். பலபடிச் சங்கிலிகள் வரிசைப்பட்டு அடுக்கிக்கொள்கின்றன என்பதற்கு அதுதான் அடையாளம். பிறகு 140 டிகிரிச் சூட்டுத் தட்டில் பத்து நிமிடம். ஒருமுறை அதைத் தட்டிலேயே மறந்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஃபுல்லரீன் தனியே திரண்டு ஊசி ஊசியாய் நிற்கிறது. எள் வேறு, அரிசி வேறு என்று புடைத்தெடுத்த மாதிரி. அந்த மின்கலத்திலிருந்து வந்த மின்னோட்டத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொருள்கள் இரண்டும் அப்படியேதான் இருந்தன, போனது அவை கலந்திருந்த விதம்.

ஆகவே என் முன்மொழிவு: விரவுச்சந்தி.

விரவுதல் என்றால் கலத்தல், எங்கும் பரவியிருத்தல் இரண்டும்தான். தன் அடையாளம் கரைந்துபோகாத கலப்பு என்ற தொனி அதில் என் காதுக்குக் கேட்கிறது. பழைய இலக்கண உரைகளில் விரவுப்பெயர் என்று வரும். "சாத்தன் வந்தான்", "சாத்தன் வந்தது" என இரண்டு திணைக்கும் பொதுவாய் நிற்கும் பெயர். சொல் புதிதல்ல, தூசி தட்டினால் போதும். வினையாகவும் வளைந்துகொடுக்கும்: "இரண்டும் நன்றாக விரவவில்லை", "விரவல் கூடிவிட்டது" என்று ஆய்வகத்தில் பேசலாம். "பரும"வை வைத்து இப்படி ஒரு வாக்கியம் பேசிப் பாருங்கள்.

டாங் செய்த பழைய வகைக்கு அடுக்குச்சந்தி. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். "வேற்று" எங்கே போயிற்று என்று கேட்கலாம். விரவ இரண்டு பொருள் வேண்டும், அடுக்கவும் இரண்டு வேண்டும். அது உள்ளேயே இருக்கிறது. பொதுப்பெயராக வேற்றுச்சந்தி அப்படியே இருக்கட்டும்.

> சில ஆண்டுகளாக ஃபுல்லரீனே இல்லாமல் செய்கிறார்களே, அப்போதும் இந்தப் பெயர் நிற்குமா?

நிற்கும். ஃபுல்லரீன் இருந்த இடத்தில் இப்போது எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் வேறு ஏற்பி மூலக்கூறுகள் வந்திருக்கின்றன. திறனில் 15 சதவீதம் தாண்டி, இப்போது 20ஐ ஒட்டி நிற்கிறார்கள். ஆனால் அங்கும் விரவித்தான் வைக்கிறார்கள். பொருளின் பெயரைச் சொல்லில் நுழைக்காமல் அமைப்பை வைத்துப் பெயரிட்டால் இந்த வசதி.

பலபடியா பல்பகுதியமா என்ற சண்டைக்குள் நான் வரவில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலபடி படிக்கிறார்கள், இலங்கைப் பிள்ளைகள் பல்பகுதியம் படிக்கிறார்கள், இரண்டும் வேரூன்றிவிட்டன. சந்தி இரு பக்கமும் பொது என்பதால் விரவுச்சந்திக்கு அந்தத் தொல்லை இல்லை.

மாசூட்டல் (டோப்பிங், மின்கடத்தலைக் கூட்ட வேறொரு பொருளைச் சேர்ப்பது) என்ற சொல்லைப் பற்றி மட்டும் ஒரு வயிற்றெரிச்சல். ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் 1977இல் பாலிஅசிட்டிலீனுக்கு அயோடின் ஆவி காட்டியபோது மின்கடத்தும் திறன் கோடி மடங்கு அளவுக்கு ஏறியது. 2000த்தில் நோபல் பரிசும் வந்தது. அங்கே சேர்ந்த அயோடின் கண்ணுக்குத் தெரியாத மாசு அல்ல, எடை போட்டால் தெரிகிற அளவு. நடந்தது வேதிவினை. சிலிக்கானுக்குப் பொருந்திய "மாசு" பலபடிக்குப் பொருந்துமா என்று யோசித்து வையுங்கள், அடுத்த வாரம் எழுதுகிறேன்.

பி.கு.: ஒற்று மிகுமா என்று யாராவது கேட்பதற்கு முன்: மிகும். உணவுப்பொருள், இரவுக்காவல் போலத்தான். "விரவு சந்தி" என்று பிரித்தும் ஒற்றில்லாமலும் எழுதினால் வினைத்தொகை ஆகி, விரவுகின்ற சந்தி என்று பொருள் மாறும். விரவுவது பொருள்கள், சந்தி அல்ல. இலங்கை நண்பர்கள் இதைத் தங்கள் காதுக்கும் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.