புதுப்பிப்பு: மிச்சிகன் ஏரியில் சால்மன் கிடைத்தது

பவானிசாகரில் பரிசலில் உட்கார்ந்து கைத்தூண்டில் போட்டே பழகியவன் நான். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் சால்மன் மீன் பிடிக்க மாப்பிள்ளை அழைக்கிறார், தூண்டிலை எத்தனை அடி ஆழத்தில் விடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். போய்விட்டுச் சத்தியமங்கலம் திரும்பிவிட்டேன்.

“ஆழத்தைப் பார்க்காதீர்கள், குளிரைப் பாருங்கள்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சரி. கோடையில் மேல்தண்ணீர் சூடாகிவிட, சால்மன் குளிர்ந்த அடுக்கைத் தேடி இறங்கிவிடுகிறது. படகு நடைவேகத்தில் நகர, நாலைந்து கிலோ ஈயக் குண்டைக் கம்பியில் இறக்குகிறார்கள். தூண்டில் நரம்பு அதில் ஒரு கவ்வியில் மாட்டியிருக்கும். மீன் கடித்ததும் கவ்வி விட்டுவிட, வளைந்திருந்த கோல் சட்டென நிமிர்கிறது. மீன் போய்விட்டது என்று நான் உட்கார்ந்துவிட்டேன். “மாமா, சுற்றுங்கள்!” என்று மாப்பிள்ளை கத்தினார். தோள் இன்னும் வலிக்கிறது.

சால்மன் அந்த ஏரியின் மீனே அல்ல, பசிபிக் பக்கத்தது. பெருகிப்போன ஏல்வைஃப் என்ற சின்ன மீனைத் தின்னட்டும் என்று 1966-இல் கோஹோ, 1967-இல் சினூக் என்ற சால்மன் வகைகளின் குஞ்சுகளை விட்டிருக்கிறார்கள்.

இரண்டு கிடைத்தன. மகள் சின்ன வெங்காயம் அரைத்துக் குழம்பு வைத்தாள். கொழுப்பு அதிகம், எனக்குக் கட்லாவே போதும்.