ரெண்டு தடவை சிறைப்பட்டவருக்கு ஏன் தலைமைத் தளபதி பதவி?

பெரம்பூர்வாசி:
ஞாயிறன்று எழும்பூரில் வினாடி வினா. நூறாண்டுப் போர் (இங்கிலாந்து-பிரான்ஸ்) சுற்றுக்கு பிரெஞ்சுத் தளபதி பெர்த்ரான் து கெக்லானை எடுத்திருக்கேன். ஓரேயில் (1364) தோல்வி, நாஹெராவில் (1367) தோல்வி, ரெண்டிலும் எதிரி கையில் சிக்கினார். அப்புறமும் 1370-ல் பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸ் அவரையே கான்ஸ்டபிள் ஆக்கியது எப்படி? நாலு ஊரில் கல்லறைங்கிறது நிஜமா?

அடையாறு ஆலமரம்:
முதல்ல, கான்ஸ்டபிள்னா என்னன்னு ஒரு வரி சொல்லிடுங்க. இல்லைன்னா சபையில் பாதிப் பேர் போலீஸ்காரர்னு நினைப்பாங்க. மன்னருக்கு அடுத்த படைத்தலைமை அது.

ரெண்டு தோல்வியிலும் முழுப் படைக்கும் தலைவர் அவர் இல்லை. ஓரேயில் தலைவர் ப்ளுவா சார்லஸ் (மன்னர் இல்லை, வேற ஆள்), அங்கேயே செத்தார். நாஹெராவில் காஸ்டீலின் (இன்றைய ஸ்பெயின்) என்ரிக். ஆங்கிலேய வில்லாளிகளின் அம்புமழையில் காஸ்டீல் குதிரைப்படை கலைந்து ஓட, நடுவில் தரையில் நின்று போராடின து கெக்லான் அணி சுற்றி வளைக்கப்பட்டது.

அவரே நடத்தின கோஷ்ரெல் சண்டையைப் பாருங்க (16 மே 1364). எதிரி குன்றின் மேல். ஏறினா அம்புக்கு இரை. அதனால பின்வாங்குற மாதிரி ஆற்றுப்பக்கம் நகர்ந்தார், அவசரக்காரங்க இறங்கி வந்து மாட்டிக்கிட்டாங்க.

மயிலை மாடவீதி:
மேலே சொன்னது சரி, ஆனா பதவிக்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். 2 அக்டோபர் 1370-ல் பதவி. ராபர்ட் நோல்ஸின் ஆங்கிலேயப் படை சண்டை போட்டுக்கிட்டுப் பிரிஞ்சிருந்தது. இரவோடு இரவா நடந்துபோய் டிசம்பர் 4-ல் போன்வலேனில் ஒரு பிரிவை நசுக்கினார். 1373-ல் ஆங்கிலேய லங்காஸ்டர் கோமகன் கலேயிலிருந்து போர்தோ வரை ஊரைக் கொளுத்திக்கிட்டே போனப்போ பிரெஞ்சுக்காரங்க நேருக்கு நேர் மோதவே இல்லை. கோட்டைக் கதவை மூடிட்டு, பின்தங்கினவங்களை மட்டும் அடிச்சாங்க. மிச்சத்தைப் பசி பார்த்துக்கிச்சு. குதிரைகள் கொத்துக் கொத்தாச் செத்துது. வீரப்பிரதாபத்துக்கு இடமில்லாத போர்முறை. மன்னருக்கு வேண்டியதும் அதுதான்.

அடையாறு ஆலமரம்:
நாலு கல்லறை நிஜம். 13 ஜூலை 1380, ஷாத்தோநெஃப்-து-ராந்தோன் முற்றுகையில் மரணம். சொந்த மண்ணான பிரிட்டனிக்கு (பிரான்ஸின் மேற்குப் பகுதி, பிரிட்டன் இல்லை) கொண்டுபோகத் திட்டம். குடலை லெ புய் ஊரில் எடுத்துப் பதப்படுத்தினாங்க. கோடை வெயில், பதம் நிக்கலை. மோன்ஃபெரானில் உடலைக் கொதிக்கவெச்சு சதையைப் பிரிச்சு அங்கேயே புதைச்சாங்க. எலும்பை மன்னர் சேன் தெனிக்கு, அரசர்கள் துயிலுற இடத்துக்கே, வரவழைச்சார். இதயம் மட்டும் தினான் போச்சு.

அதனால 'எங்கே புதைக்கப்பட்டார்'னு கேட்காதீங்க, நாலு அணியும் நாலு ஊர் சொல்லி மல்லுக்கு நிக்கும். 'இதயம் எந்த ஊரில்?'னு கேளுங்க. பெயரில் 's' ஒலிக்காது. 'கெஸ்க்ளின்'னு எழுதினாலும் மார்க் குடுத்துடுங்க.