[கலைச்சொல்] ஒரே மெட்டில் புகழ்பெற்றவர்களுக்கு ஒரு சொல் வேண்டும்

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

1958 முதல் 1963 வரையிலான ராக் இசையின் வரலாற்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஓர் இயலை அனுப்பியாக வேண்டும். பாடகரே இல்லாத ஓர் இசைத்தட்டினால் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய், பிறகு அந்த உயரத்தை எட்டாமலே மறைந்த குழுக்களைப் பற்றியது அந்த இயல். ஆங்கிலத்தில் ‘இன்ஸ்ட்ருமென்டல் ஒன்-ஹிட் வொண்டர்’ என்கிறார்கள். ‘ஒற்றை வெற்றி அதிசயம்’ என்று எழுதிப் பார்த்தேன். இசையைப் பற்றிய பேச்சு என்பதே அதில் விளங்கவில்லை.

முதற்பாதியே இடறுகிறது. ‘சொல்லில்லா இசை’ என்றால், 1958இல் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்த ‘டெக்கீலா’ அடங்காது. சாக்ஸபோன் வாசித்த டேனி ஃப்ளோரஸ், இசை நிற்கும் இடங்களில் அந்த ஒரு சொல்லை மூன்று முறை கனத்த குரலில் சொல்கிறார். ‘குரலில்லா இசை’ என்றால் 1962இன் ‘டெல்ஸ்டார்’ அடங்காது. அந்த ஆண்டு ஜூலையில் ஏவப்பட்ட செயற்கைக்கோளின் பெயரைச் சூட்டி, லண்டனில் ஒரு தோல்பொருள் கடையின் மாடியில் ஒலிப்பதிவாளர் ஜோ மீக் பதிவு செய்த இசை அது. கிளாவியோலின் என்ற மின்னணு விசைப்பலகைக் கருவியில் வந்த மெட்டை இறுதியில் ஒரு மனிதக் குரல் சொல்லின்றித் தொடர்கிறது. உங்கள் கருத்தை விரைந்து எழுதுங்கள்.

மடல் 2

அம்மா,

‘கருவியிசை’ என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி என்று எண்ணிய வரிசையிலேயே மிடற்றுக்கருவி என்று தொண்டையையும் நம் முன்னோர் வைத்தார்கள். டெல்ஸ்டாரின் குரலுக்கு அது பொருந்தும் என்றாலும், அந்தக் கணக்கில் எல்லாப் பாட்டும் கருவியிசையாகிவிடும். ‘வாத்திய இசை’ வடசொல். அதை நான் ஏற்க மாட்டேன்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் ‘குயிலுவ மாக்கள் நெறிப்பட நிற்ப’ என்று வருகிறது. கருவி வாசிப்போர் குயிலுவர். அவர் இசை குயிலுவம். குயிலுதலுக்குத் துளைத்தல் என்றும் பொருள் உண்டு. மூங்கிலைத் துளைத்த செயலே பின்னர் வாசித்தலைக் குறித்து, அதிலிருந்தே பறவைக்கும் பெயர் வந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய எண்ணம். மயிலையும் இதே முறையில் விளக்கலாம்; அதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

பிற்பாதிக்கும் நம்மிடம் வழி உண்டு. ‘செம்புலப் பெயல்நீர் போல’ என்ற ஓர் அடியால் சங்கப் புலவர் செம்புலப்பெயனீரார் பெயர் பெற்று நின்றார். அவர் இயற்பெயர் நமக்குத் தெரியாது. தொடித்தலை விழுத்தண்டினாரும் அவ்வாறே. ஆகவே ‘ஒருகுயிலுவர்’ என்க.

மடல் 3

ஐயாவின் விளக்கத்தை விரும்பிப் படித்தேன். ஆயினும் இசை வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர் ‘ஒருகுயிலுவர்’ என்பதைக் கண்டால் பறவையைத்தான் நினைப்பார். அடிக்குறிப்பு இன்றி நிற்காத சொல்லைப் புத்தகத்தில் நாற்பது இடங்களில் எப்படி வைப்பது?

பேச்சில் நாம் தயங்காமல் சொல்வது ‘மெட்டு’. சொல் சேரும் முன்பே மெட்டு இருக்கிறது. சொல் சேராவிட்டாலும் அது மெட்டுத்தான். மூன்று முறை ‘டெக்கீலா’ என்றதால் அது பாட்டாகிவிடவில்லை. எனவே ‘ஒருமெட்டார்’ என்கிறேன். ஐயா காட்டிய ‘ஆர்’ ஈறும் இதில் நிற்கிறது.

‘ஒரு’ என்பதை மட்டும் எண்ணிக்கையாக வைத்துக் கணக்குப் பார்க்கக் கூடாது. டெக்கீலாவை வாசித்த சேம்ப்ஸ் குழுவின் வேறு இசைத்தட்டுகளும் முதல் நாற்பதுக்குள் வந்தன. டெல்ஸ்டாரின் டார்னடோஸ் குழு, அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழுவாக இருந்தும் அங்கே ஒருமெட்டார்தான். பிரிட்டனிலோ அவர்களுக்குப் பல வெற்றிகள் உண்டு. கலிஃபோர்னியாவின் சாண்டேஸ் குழு மட்டும் 1963இன் ‘பைப்லைன்’ ஒன்றோடு நின்றது. நம் ஓரேருழவனாருக்கும் குறுந்தொகையில் ஒன்று, புறநானூற்றில் ஒன்று என இரு பாடல்கள் உள்ளன. பெயரோ ஒரு தொடரால் வந்தது.

மடல் 4

மெட்டு என்பது வீணைத் தண்டில் மெழுகின் மேல் பதித்த வெண்கலக் கட்டையையும் குறிக்கும். போடிமெட்டு, மலைக்கணவாய். மூன்று பொருள் சுமக்கும் சொல்லைக் கலைச்சொல்லாக்குவது முறையன்று. 1959இல் முதலிடம் பெற்ற ‘ஸ்லீப் வாக்’ எதில் வாசிக்கப்பட்டது? சான்டோ ஃபரினா இரும்புத் துண்டைத் தந்தியின் மேல் வழுக்கி வாசித்த ஸ்டீல் கித்தாரில். அங்கே விரல் அழுத்தும் மெட்டே இல்லை. மெட்டில்லாக் கருவியில் வாசித்தவரை ஒருமெட்டார் என்பீர்களா?

மடல் 5

ஐயா, என்பேன். அந்த இசைத்தட்டைக் கேட்டவர் மனத்தில் நிற்பது தந்தி வழுக்கி ஏறும் அந்த இழைவு. அதை வாய்க்குள் முனகிக்காட்டும் ஒருவரிடம் என்னவென்று கேட்டால், மெட்டு என்றுதான் சொல்வார். வாசித்தவர் பெயர் அவருக்கு வராது. அந்த நிலைக்குத்தானே சொல் தேடுகிறோம்.

இதுவரை எழுதியவர்களில் நால்வர் ‘ஒருமெட்டார்’ பக்கம், இருவர் ‘ஒற்றைப்புகழ்க் குழு’ என்ற மற்றொரு சொல்லின் பக்கம். இயலின் தலைப்பில் ‘ஒருமெட்டார்’ என்றும், முதல் பத்தியில் ‘கருவியிசையில் ஒரே மெட்டால் புகழ்பெற்றோர்’ என்ற விரிவும் வைத்து இன்றிரவு அனுப்புகிறேன். வாசித்தவர்களைப் பொதுவாகக் குறிக்கும் ஓரிடத்தில் ‘குயிலுவர்’ என்று எழுதியிருக்கிறேன்.

மடல் 6

ஓரிடம் போதாது. என் மறுப்பு நிற்கட்டும். குயில், மயில் பற்றிய மடல் நாளை வரும்.