சுவிஸ் ரேபெலியெக்ட்லி விளக்கு: கிளிநொச்சியில் எந்தக் காயில் செய்யலாம்?

அக்கராயன்:
வணக்கம். எங்கட முன்பள்ளியில் நவம்பரில் பிறநாட்டுப் பிள்ளைகளின் விழாக்களைச் செய்து காட்டப் போறம். சுவிஸில் கிழங்கைக் குடைஞ்சு விளக்காக்கி, பிள்ளைகள் இருட்டில் கொண்டு போற ரேபெலியெக்ட்லி ஊர்வலத்தைத் தெரிவு செய்திருக்கிறம். 4, 5 வயசுப் பிள்ளைகள் 24 பேர். அதுக்கு எடுக்கிற டேர்னிப் கிழங்கு இஞ்ச சந்தையில் இல்லை. நோகோல், பீற்றூட், பூசணி, பப்பாசிக்காய் இருக்கு. எது சரிவரும்? திரி உள்ளுக்கு அணையாமல் நிக்குமா?

சூரிச்வாசி:
காயைத் தெரிவு செய்ய முதல் அங்க என்ன செய்யினம் எண்டதைப் பாருங்கோ. ரேப எண்டு அங்க சொல்லுற அந்த டேர்னிப், தானிய அறுவடை முடிஞ்ச வயலில் விதைச்சு, ஐப்பசி கார்த்திகையில் பிடுங்கிற கிழங்கு. மண்ணுக்கு வெளியில் நிண்ட பக்கம் ஊதா, மண்ணுக்குள்ள இருந்த பக்கம் வெள்ளை. விளக்கின்ர வடிவே அந்த ஊதாத் தோலில்தான் இருக்கு.

மேல்பக்கத்தை மூடியாக வெட்டி எடுத்து, கரண்டியால் உள்ளைச் சுரண்டி, சுவர் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வரும்வரை குடையவேணும். அதைவிடத் தடிப்பெண்டால் வெளிச்சம் வராது. அரைச் சென்ரிமீற்றருக்குக் கீழ போனால் சூட்டில் சுவர் தளர்ந்து, நூல் கட்டின இடம் கிழியும். பிறகு வெளியில் நட்சத்திரம், நிலா, பிள்ளையின்ர பெயர் எண்டு தோலை மட்டும் மெல்லிசாய்ச் சீவுங்கோ. கனபேர் பிழைவிடுறது இதிலதான்: துளைச்சு ஓட்டை போடுவினம். ஓட்டையால காத்து நேரே உள்ளுக்குப் போய்த் திரியை அணைச்சுப்போடும். சீவின இடத்தில் சதையூடாக வெளிச்சம் ஊறி வரவேணும், அதுதான் இந்த விளக்கின்ர அழகு.

ஆனால் மூடியில் 2 சென்ரிமீற்றர் ஓட்டை கட்டாயம். இல்லாட்டில் காத்தோட்டம் இல்லாமல் சுடர் தானாய் அணையும், மூடியும் கருகும்.

சூரிச் ஏரிக்கரையில் ரிஷ்டர்ஸ்வில் எண்ட ஊரில் 1905 தொடக்கம் இதைப் பெரிய விழாவாகச் செய்யினம். நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை. ஊர்வலம் போகேக்க தெருவிளக்கை அணைச்சுப்போடுவினம். நீங்களும் மின்குமிழை அணையுங்கோ, இல்லாட்டில் ஒண்டும் தெரியாது.

முத்தையன்கட்டு:
நோகோல் சின்னன், நார் கூட, நாலு வயசுப் பிள்ளைக்கு அதைக் குடையேலாது. பீற்றூட்டின்ர சதை கறுப்புச் சிவப்பு, வெளிச்சம் வெளியில் வராது. பூசணித் தோலைச் சீவப் பெரியாக்களுக்கே கை நோகும். முற்றின, ஆனால் மஞ்சள் பிடிக்காத பப்பாசிக்காயை எடுங்கோ. தோல் பச்சை, சதை வெளிறல், நடுவில் ஏற்கனவே குழி இருக்கு. விதையை வழிச்சுப்போட்டு உள்சுவரை மெல்லிசாக்கினால் போதும். பழுக்கத் தொடங்கினது வேண்டாம், சூட்டில் குழையும்.

பால்தான் கவனம். கையில் பட்டால் கடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். வெட்டுறதும் குடையிறதும் பெரியாக்கள் செய்யுங்கோ, கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு. பால் வடிஞ்ச பிறகு தண்ணியில் நல்லாய்க் கழுவித் துடைச்சு, உருவத்தைப் பேனையால் கீறிக் குடுத்தால், பிள்ளைகள் மழுங்கின தேக்கரண்டியால் தோலைச் சுரண்டுவினம்.

அக்கராயன்:
நல்ல விளக்கம், நன்றி. எத்தனை நாளைக்கு முதல் குடையலாம்? எப்படித் தொங்கவிடுறது? விளக்கீட்டுக்கு வாசலில் ஏத்துற பந்தத்தோட சேர்த்துச் செய்யலாமோ?

சூரிச்வாசி:
முதல்நாள் பின்னேரம் குடையுங்கோ. ஈரத்துணியால் சுத்திக் குளிரூட்டியில் வையுங்கோ, வெளியில் வைச்சால் சுருங்கும். விளிம்பில இருந்து ஒண்டரைச் சென்ரிமீற்றர் கீழ, சம இடைவெளியில் மூண்டு துளை. நூலின்ர உள்முனையில் ஈர்க்குத் துண்டைக் கட்டினால் முடிச்சு நழுவாது. மூண்டு நூலையும் மூடியிலயும் கோத்து, அரை மீற்றர் தடியில் கட்டுங்கோ. தகரக் கிண்ணத்தோட வாற சின்ன மெழுகுதிரியை அடியில் மட்டமாய்ச் சீவின இடத்தில் வைச்சு, சுத்தவர மூண்டு ஈர்க்கைக் குத்துங்கோ, சரியாது. பப்பாசியின்ர அடி கூர், அதால நிலத்தில் வைக்காமல் தொங்கவே விடுங்கோ.

முத்தையன்கட்டு:
விளக்கீட்டோட சேர்க்காதேங்கோ. அது வீட்டு வாசலில் ஏத்துறது, இது பிள்ளை கையில் கொண்டு நடக்கிறது. ஒண்டாய்ச் செய்தால் இரண்டையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்ளுவினம். நவம்பர் மாரி எண்டபடியால் மண்டபத்துக்குள்ளயும் நடக்க ஒழுங்கு வையுங்கோ. உள்ளே எண்டால் மெழுகுதிரி வேண்டாம், பற்றரியில் எரியிற சின்ன எல்ஈடி போடுங்கோ. வெளியில் மெழுகுதிரி எண்டால் மூண்டு பிள்ளைக்கு ஒரு பெரியாள் வேணும், ஒரு வாளி தண்ணியும் பக்கத்தில் இருக்கட்டும்.