படபடப்பா, நுடக்கமா? இறக்கை அதிர்வுக்கு ஒரு கலைச்சொல்

மொழிபெயர்ப்பாளர்:
அவையோருக்கு வணக்கம். வானூர்திக் கட்டமைப்பு பற்றிய பாடநூலின் அதிர்வு இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்கிறது. காற்றுவிசையும் கட்டமைப்பின் வளைவும் ஒன்றையொன்று பாதிப்பதை ஆராயும் ஏரோஎலாஸ்டிசிட்டிக்குக் காற்றுமீட்சியியல் என்று வைத்துவிட்டேன். ஃபிளட்டருக்குத்தான் சொல் அமையவில்லை. வெறும் அதிர்வு என்று எழுதினால் எந்திர நடுக்கமும் இதுவும் ஒன்றாகிவிடும். இங்கே இறக்கை வளைந்து முறுகும்போது அதன்மேல் காற்று செலுத்தும் விசை மாறுகிறது. மாறிய விசை அந்த அசைவையே வளர்க்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் கட்டமைப்பின் தணிப்புத்திறன் அதை அடக்கப் போதாது. படபடப்பு என்று எழுதலாமா?

தமிழாசிரியர்:
படபடப்பு என்பது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய சொல். சங்கப் பாடல்களில் கொடி நுடங்கும். நுடங்குதலுக்கு வளைதல், அசைதல் என்னும் இரு பொருளும் உண்டாதலால், வளைந்தசையும் இறக்கைக்கு நுடக்கம் என்பதே தகும். முடங்கு, மடங்கு, நுடங்கு மூன்றும் வளைவுப் பொருளில் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் கருத்து. அதைத் தனி மடலில் விரிக்கிறேன். மேலும், அடங்கு, அடக்கு போல, நுடங்கு தன்வினை, நுடக்கு பிறவினை. முன்னுள்ள உறுப்பிலிருந்து கிளம்பும் கொந்தளிப்பான காற்று மோதி வால்பகுதியை ஆட்டுவது பிறவினை. அதற்கு வேறு சொல் வேண்டும். தன் அசைவால் தானே வளரும் இயக்கத்துக்குத் தன்வினையிலிருந்து பிறந்த பெயரே பொருந்தும்.

பொறியாளர்:
ஐயாவின் தன்வினை, பிறவினைப் பாகுபாட்டை முழுமையாக ஏற்கிறேன். 1940 இல் அமெரிக்காவின் டகோமா தொங்குபாலம் காற்றில் இடிந்ததை ஒத்ததிர்வு என்றே இன்றும் பலர் எழுதுகிறார்கள். ஒத்ததிர்வுக்குப் புறவிசை ஒரு தாளத்தோடு வந்து தட்ட வேண்டும். அங்கோ காற்று மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக்கொண்டிருந்தது, தாளத்தைக் கொடுத்தது பாலத்தளத்தின் முறுக்கசைவு. எனவே பிறவினைக்கு உலுக்கல் என்று வைத்துக்கொள்வோம். (குலுக்கல் வேண்டாம், பரிசுச்சீட்டு நினைவுக்கு வரும்.) ஆனால் நுடக்கத்தை மாணவர்கள் முடக்கம் என்றுதான் படிப்பார்கள். படபடப்போ இரட்டைக்கிளவியிலிருந்து வந்தது. பிரித்தால் பொருள் தராது. அதுபோலவே இறக்கையின் வளைவசைவும் முறுக்கசைவும் தனித்தனியே இருந்தால் தணிந்துவிடும். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் கைகோக்கும்போதுதான் ஆபத்து. விமானத்தைத் திருப்பக் கீலில் அசையும் கட்டுப்பாட்டுப் பரப்புகளில் கீல் அச்சுக்கு முன்னால் எடை சேர்ப்பதும் இத்தகைய இணைப்பை அறுப்பதற்கே.

தமிழாசிரியர்:
டகோமாவில் முறுக்கசைவு ஒன்றே போதுமாயிருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே உங்கள் இரட்டைக்கிளவி எங்கே போயிற்று?

மொழிபெயர்ப்பாளர்:
இரு சொற்களையும் ஒரு விதியில் இட்டுப் பார்த்தேன்: 'பெரிய பயணியர் விமானம், வடிவமைப்புப் பாய்வு வேகத்தைவிட (கீழ்நோக்கிப் பாய்கையில் எட்டுவதாக வடிவமைப்பில் கொள்ளும் உச்ச வேகத்தைவிட) 15 விழுக்காடு கூடுதலான வேகம் வரை படபடப்பின்றிப் பறக்கும் என மெய்ப்பிக்கப்பட வேண்டும்.' 'நுடக்கமின்றி' என்றபோது விளக்கக் குறிப்பு தேவைப்பட்டது. உலுக்கலுக்கு எவரும் மறுப்புச் சொல்லவில்லை. பெரும்பான்மையோர் கருத்துப்படி படபடப்பு என்றே அனுப்புகிறேன். நுடக்கம் சொல்லடைவில் இணைச்சொல்லாக இடம்பெறும்.

தமிழாசிரியர்:
விளக்கக் குறிப்பு எழுதத்தானே பாடநூல்? என் மறுப்பு நீடிக்கிறது. அடுத்த பதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.