சுடுதண்ணியில் தொடங்கிய இலக்கணம்

ஹட்டன் பக்கத்திலிருந்து, இரண்டு பிள்ளைகளின் அம்மா:

வீட்டில் வைத்துத் தமிழ் இலக்கணம் படிப்பிக்க எந்தப் புத்தகம் நல்லது என்று போன கிழமை ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். நான் மூன்று தடவை புத்தகம் மாற்றியவள். இதுதான் நல்லது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. எது எங்கே காலை வாரியது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

2022ஆம் வருசம். மகள் 6ஆம் தரம், மகன் 3ஆம் தரம். மகளுக்குப் பனிக் காலத்தில் மூச்சு இழுக்கும். டீசல் இல்லாமல் பஸ்ஸும் நின்ற பிறகு அவளை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். இங்கே இலங்கையில் 5 முதல் 16 வயதுவரை கட்டாயக் கல்வி. அதனால் பள்ளிக்கூட இடாப்பில் பெயரை அப்படியே விட்டு, அதிபரிடம் மருத்துவச் சீட்டும் கொடுத்திருந்தோம். இதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

முதலில் எடுத்தது தமிழ்நாட்டுப் பாடநூல். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, படங்களும் அழகு. ஆனால் அந்த மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை போனது. போனில் சார்ஜ் இருக்கும்வரைதான் இலக்கணம். போட்டோகொப்பி எடுக்கலாம் என்றால் நாட்டில் காகிதமே இல்லை. அப்புறம் உதாரணச் சொற்கள். நாங்கள் தவணைப் பரீட்சை என்பதை அங்கே பருவத் தேர்வு என்கிறார்கள். விதி ஒன்றுதான், நன்னூல் இரண்டு கரைக்கும் பொது. ஆனாலும் பிள்ளை விதியை விட்டுவிட்டுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

இரண்டாவது, கடையில் வாங்கிய பயிற்சிப் புத்தகம். இடைவெளி நிரப்பு, சரியானதன் கீழ் கோடிடு. மகள் பத்துக்குப் பத்து எடுத்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். பிறகு கொழும்பிலிருக்கும் சித்திக்குக் கடிதம் எழுதச் சொன்னேன். 'பாட்டியை பார்க்க தோட்டதுக்கு போனோம்.' ஒரு வரியில் மூன்று பிழை. கட்டத்துக்குள் தெரிந்த விதி கடிதத்துக்குள் வரவே இல்லை.

மூன்றாவது புத்தகம் என்று ஒன்றை வாங்கவில்லை. அரசாங்கம் தரும் பாடநூலையே வைத்துக்கொண்டு, கூட ஒரு கொப்பி போட்டோம். அது எப்படித் தொடங்கியது என்றால், ஒரு காலை மகள் ஃபிளாஸ்க்கோடு வந்து "அம்மா, சுடுதண்ணி" என்றாள். சுட்ட தண்ணியா, சுடுகிற தண்ணியா, சுடப்போகிற தண்ணியா என்று சும்மா சீண்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூணும்தான்" என்றாள். காலம் காட்டாமல் மூன்று காலத்துக்கும் பொதுவாக நிற்பதுதானே வினைத்தொகை? பெயரைப் பிறகு சொன்னேன். அன்று சாயந்தரத்துக்குள் குடிதண்ணி, ஊறுகாய் என்று அவளே கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். இதிலெல்லாம் நடுவில் வல்லெழுத்து மிகாது, அதாவது க், ச், த், ப் கூடுதலாக வராது என்பதையும் நான் சொல்லவில்லை, அவளே பார்த்தாள்.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பாடம் எடுத்தது மாமியார். முப்பது வருசம் கொழுந்து பறித்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. அடுப்படியில் உட்கார்ந்து அவர் சொல்லுகிற சொற்களைப் பிள்ளைகள் எழுதுவார்கள். பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது), கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது), கொழுந்து. மூன்றும் குற்றியலுகரத்தில், அதாவது குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடிகின்றன. கடைசி எழுத்துக்கு முன் வல்லின மெய் நிற்பதால் பிரட்டும் கவ்வாத்தும் வன்தொடர், மெல்லின மெய் நிற்பதால் கொழுந்து மென்தொடர். பிரட்டுக் களம், கவ்வாத்துக் கத்தி என்று அவர் வாயால் சொல்லும்போதே க் விழுகிறது. பிள்ளைகளுக்கு வல்லினம் மிகுவதைக் காதால் காட்ட இதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது. ஆய்தத்தொடருக்கு மட்டும் எஃகைத் தேடிக்கொண்டு புத்தகத்துக்குப் போக வேண்டியிருந்தது. எங்கள் அடுப்படியில் ஆய்தம் இல்லை.

மகனுக்குப் பிடித்த சோடி 'தேயிலைக் கொழுந்து', 'தேயிலை பறித்தாள்'. முன்னதில் க் வருகிறது, பின்னதில் ப் வரவில்லை, ஏன்? தேயிலையைப் பறித்தாள் என்றால் இரண்டாம் வேற்றுமை உருபான ஐ வெளியே தெரிகிறது, ப் வரும். ஐ மறைந்தால் ப் வராது. "ஐ ஒளிஞ்சா ப் ஓடிடும்" என்று அவன் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். நான் திருத்தவில்லை.

தோற்ற இடமும் உண்டு. ர, ற, அப்புறம் ள, ழ. எங்கள் பேச்சில் கொழுந்து 'கொளுந்து'தான். இதற்கு விதி உதவாது. தினமும் ஐந்து வரி சொல்வதெழுதுதல், அவ்வளவுதான். இன்றைக்கும் பிழை வருகிறது.

பண்டாரவளையிலிருந்து, ஓர் அப்பா:

அக்கா, நாங்கள் ஆங்கில இலக்கணத்துக்கு வெளிநாட்டுப் பாடத்திட்டம் ஒன்றை எடுத்தோம். அதில் வாக்கியத்தைக் கோடு போட்டு வரைய வேண்டும். நேர்கோட்டில் எழுவாயும் பயனிலையும், நடுவே வெட்டி ஒரு செங்குத்துக் கோடு, அடைமொழிகள் கீழே சரிந்து தொங்கும். 1877இல் ரீட், கெலாக் என்ற இரண்டு அமெரிக்க ஆசிரியர்கள் தங்கள் புத்தகத்தில் பரப்பிய முறை. என் மகனுக்கு வரைவது பிடிக்கும், அதனால் ஒட்டிக்கொண்டான். 'இட் இஸ் ரெய்னிங்' வந்தபோது, "அப்பா, இட் என்றால் யார்?" என்று கேட்டான். யாருமில்லை, ஆங்கிலத்தில் எழுவாய் இடம் காலியாக இருக்கக் கூடாது, அதற்குத்தான் என்றேன். உடனே தமிழையும் வரையலாம் என்று 'எனக்குப் பசிக்கிறது' என்று எழுதினான். எழுவாய் எங்கே? அரை மணிநேரம் இருவரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடத்தில் பாடத்திட்டத்துக்குக் கொடுத்த காசு தேறியது. மற்றபடி 180 பாடத்தையும் வரிசையாக முடிக்க வேண்டும் என்று நான் பிடித்த பிடிவாதம் தேவையில்லாதது. பாதியில் பிள்ளைக்கு வெறுத்துவிட்டது.

கண்டிப் பக்கத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகள், நீங்கள் எழுதியதை ரசித்தேன், ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். சுடுதண்ணி கிடைத்த அன்று வினைத்தொகை, கத்தி கிடைத்த அன்று குற்றியலுகரம் என்று போனால் நடுவில் ஓட்டை விழும். நன்னூல் எழுதிய பவணந்தியார் எழுத்தை முடித்துத்தான் சொல்லுக்குப் போனார், அதற்குக் காரணம் உண்டு. வரிசை வேண்டும் என்றால் ஆறுமுக நாவலரின் இலக்கணச் சுருக்கம் இன்றைக்கும் உதவும். சூத்திரத்தை உரைநடையாக்கித் தந்தவர். 19ஆம் நூற்றாண்டு நடை என்பதால் பிள்ளையிடம் நேரே கொடுக்காமல் நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள். பேராதனையில் கற்பித்த பேராசிரியர் நுஃமானின் அடிப்படைத் தமிழ் இலக்கணத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு நாம் எழுதுகிற தமிழை வைத்து எழுதியது.

மஸ்கெலியாவிலிருந்து:

எல்லாம் சரி, எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. மலையிலிருந்து வந்து சோறாக்கியதும் கண் சொக்குகிறது. மாமியார் சொல்லும் சொல்லை எழுதுகிற வேலையை நாளைக்கே ஆரம்பிக்கிறேன், அதற்கு நான் முழித்திருக்கத் தேவையில்லையே!

மறுபடியும் ஹட்டன் அம்மா:

சேர், ஓட்டை விழுந்தது உண்மை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வேற்றுமையில் பாதியை நாங்கள் தொடவே இல்லை. அதன் பிறகு கொப்பிக்குப் பின்னால் பாடநூலின் தலைப்புகளை வரிசையாக எழுதி, முடிந்ததற்குச் சரி போட்டோம். வரிசை எனக்கு, சொல் பிள்ளைகளுக்கு என்று பிரித்துக்கொண்டேன். நாவலர் புத்தகத்தை நான்தான் படிக்கிறேன், மெதுவாக.

போன சனிக்கிழமை டவுனுக்குப் போனபோது சந்தியில் ஒரு புதுப் பலகை: 'இங்கு குப்பைக் கொட்டாதீர்'. மகன் பஸ்ஸுக்குள்ளிருந்தே, "அம்மா, ஐ ஒளிஞ்சிருக்கு, க் ஏன் ஓடல?" என்று கத்தினான். பக்கத்திலிருந்த ஐயா யார் ஓடவில்லை என்று திரும்பிப் பார்த்தார்.