கால்வாய்க் கரையிலும் தண்டவாளத் தடத்திலும்: வழியில யாரை, எதைப் பார்த்தீங்க?

பொடோமக்வாசி:

வணக்கம் மக்களே. வாஷிங்டனுக்கும் பிட்ஸ்பர்குக்கும் நடுவுல சைக்கிள்ல போனவங்க, பாதியில ஏறி பாதியில இறங்கினவங்க எல்லாருக்கும் இந்தத் திரி. மைல் கணக்கு, கேம்ப் பட்டியல் எல்லாம் தேடினா தாராளமா கிடைக்குது. நான் கேக்குறது வேற. வழியில எதிர்ப்பட்டது யாரு, என்ன? மனுஷனோ பாம்போ சுரங்கமோ, எதுவானாலும் எழுதுங்க.

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. ஜார்ஜ்டவுன்ல இருந்து கம்பர்லேண்ட் வரைக்கும் 184.5 மைல், பொடோமக் ஆத்தை ஒட்டியே போற பழைய செசபீக்–ஒஹாயோ கால்வாயோட கரை. கோவேறு கழுதைங்க கயித்துல நிலக்கரிப் படகை இழுத்துட்டு நடந்த டோபாத். கம்பர்லேண்ட்ல இருந்து பிட்ஸ்பர்க் வரைக்கும் 150 மைல், ரயில் நின்னுபோன தடம். பேரு கிரேட் அலெகெனி பேசேஜ், நம்மாளுங்க வாயில ‘கேப்’.

என் கதையை முதல்ல சொல்லிடறேன். ஹான்காக் தாண்டி ஒரு கேம்ப்ல ராத்தங்கல். காசு கிடையாது. ஒரு மேசை, ஒரு தற்காலிகக் கழிப்பறை, ஒரு கைப்பம்பு, அவ்வளவுதான். பம்பை அடிச்சா முதல்ல காத்து, அப்புறம் இருமல், கடைசியா அயோடின் வாடையோட தண்ணி. பக்கத்துக் கூடாரத்துல பென்சில்வேனியாக்காரர் ஒருத்தர் இருந்தார். படுக்கப் போறதுக்கு முன்னாடி காதடைப்பான் ஒரு ஜோடி நீட்டினார். எதுக்குன்னு புரியல. ராத்திரி ரெண்டு மணிக்குப் புரிஞ்சுது. அக்கரையில சரக்கு ரயில், முடிவே இல்லாம, ஹாரன் அடிச்சுக்கிட்டே போகுது.

காலையில காப்பி போடும்போது அவர்தான் சொன்னார். 1828 ஜூலை 4 அன்னிக்கு ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் இந்தக் கால்வாய்க்கு முதல் மண்ணை வெட்ட, மண்வெட்டி வேர்ல மாட்டிக்கிச்சாம். கோட்டைக் கழட்டிப் போட்டுட்டு வெட்டினாராம். அதே நாள் பால்டிமோர்ல, கால்வாய்க்குப் போட்டியா, பால்டிமோர்–ஒஹாயோ (பி அண்ட் ஓ) ரயிலுக்கு அடிக்கல் நாட்டியிருக்காங்க. ரயில் 1842லயே கம்பர்லேண்ட் வந்துடுச்சு. கால்வாய் வந்து சேர 1850 ஆச்சு. 1924 வெள்ளத்தோட கால்வாய் படுத்துடுச்சு. ஜெயிச்ச கட்சிதான் இன்னும் ராத்திரியெல்லாம் ஊதிக்கிட்டுப் போகுது.

தாராபுரத்துப் பொண்ணு:

எங்களுது பாவ்பாவ் சுரங்கத்துல நடந்ததுங்க. நானு, வீட்டுக்காரரு, மக மூணு பேரும் மேலிருந்து கீழா வந்துட்டிருந்தோம். 3,118 அடி நீளம், உள்ளுக்குள்ள ஒரு விளக்கு கிடையாது. ஒரு பக்கம் செங்கல் சுவரு, இன்னொரு பக்கம் மரக்கைப்பிடி, அதுக்குக் கீழ கறுப்பா கால்வாய்த் தண்ணி. நடைபாதை ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் போற அகலம்தான். தரை மேடும் பள்ளமுமா இருக்கறதால எறங்கி உருட்டிட்டுத்தான் போனோம்.

பாதி தூரத்துல எதிர்ல வெளிச்சம். ஒண்ணு, ரெண்டு, அஞ்சாறு. முதுகுல மூட்டையோட ஒரு பையன்கள் கூட்டம், முன்னாடி வயசான ஒருத்தரு. எங்க சைக்கிள்ல ரெண்டு பக்கமும் பை தொங்குது, திருப்பவும் முடியாது. அந்தப் பெரியவரு சிரிச்சுக்கிட்டே, “யாரு பின்னாடி போறதுன்னு இங்க ஒரு தடவை பெரிய சண்டையே நடந்திருக்கு”ன்னாரு. இருட்டுல நின்னபடியே கதை ஆரம்பிச்சுட்டாரு. ரெண்டு படகுக்காரங்க நடுச் சுரங்கத்துல எதிரெதிரா வந்து நின்னுட்டாங்களாம். நான் பின்வாங்க மாட்டேன், நீ போன்னு நாள்கணக்குல மல்லுக்கட்டு. ரெண்டு பக்கமும் படகு வரிசை கட்டி நிக்குது. கடைசியில கால்வாய் அதிகாரி பச்சைச் சோளத்தட்டைக் கொளுத்திப் புகையை உள்ளாற விட்டுத்தான் வெளிய கொண்டு வந்தாராம். எங்க பிரச்சனை சுலபமா முடிஞ்சுதுங்க. பையனுக சுவத்தோட ஒட்டி நின்னாங்க, சைக்கிளைத் தலைக்கு மேல தூக்கி ஒவ்வொண்ணா கைமாத்தி விட்டுட்டாங்க.

போகும்போது எம் மகளோட கையைப் பிடிச்சு அந்த மரக்கைப்பிடி மேல வெச்சுக் காட்டினாரு. பள்ளம் பள்ளமா, விரல் பதியற மாதிரி வழவழன்னு. கழுதைக் கயிறு உரசி உரசித் தேஞ்ச தடமாமுங்க. சுரங்கத்துக்கு அறுபது லட்சம் செங்கல்னு பலகையில போட்டிருக்கறது மனசுல நிக்கல, அந்தப் பள்ளம் நிக்குது.

பொடோமக் வளைஞ்சு சுத்திப் போற ஆறு மைலை மிச்சம் பண்ணத்தான் மலையைக் குடைஞ்சிருக்காங்க. 1836ல ரெண்டு வருஷத்துல முடிக்கறோம்னு ஆரம்பிச்ச வேலை. கூலி பாக்கி, கலவரம்னு இழுத்து 1850ல தான் முடிஞ்சுது. காண்ட்ராக்ட் வேலை எந்த ஊர்லயும் ஒரே மாதிரிதான் போலிருக்கு. அங்கிருந்து கிளம்பினா வர்ற லாக்குகளோட நம்பரைப் பாருங்க: 66, அப்புறம் 64⅔, அப்புறம் 63⅓. படகை ஏத்தி இறக்கற கல்தொட்டி ஒண்ணைத் திட்டத்துல இருந்து தூக்கிட்டாங்க, நம்பரை இப்படிப் பங்கு போட்டுச் சரிக்கட்டிட்டாங்க.

சக்கரம்40:

அக்கா, கதை சூப்பர். நான் வறட்சியா ஒண்ணு சொல்லிட்டுப் போயிடறேன். மழை பெஞ்ச மறுநாள் டோபாத்ல இறங்கணும்னா டயர் குறைஞ்சது 40 மில்லிமீட்டர், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல நல்லா இடைவெளி. சமீப வருஷங்கள்ல நிறைய இடத்துல கல்தூள் போட்டுச் சரிபண்ணிட்டாங்க, ஆனா பழைய களிமண் துண்டுகள் இன்னும் மிச்சம் இருக்கு. எனக்கு சக்கரம் சுத்தாம அடைச்சுக்கிட்டப்போ, ரோந்து வந்த தன்னார்வலர் அம்மா ஒருத்தங்க ஒரு பேச்சும் பேசாம சட்டைப் பையில இருந்து ஐஸ்கிரீம் குச்சியை எடுத்து நீட்டினாங்க. ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கற கவை) இடுக்குல சேறு நோண்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது. இப்ப என் பையில எப்பவும் நாலு இருக்கும்.

சேறு தாங்கலைன்னா ஹான்காக் பக்கம் வெஸ்டர்ன் மேரிலேண்ட் ரயில் ட்ரெயிலுக்கு மாறிக்கலாம். கிட்டத்தட்ட 28 மைல், தார் போட்ட பாதை, டோபாத்துக்குப் பக்கத்துலயே போகுது. இண்டிகோ சுரங்கம் வர்ற இடத்துல மட்டும் மறுபடி டோபாத்துக்கே இறங்கணும். சுரங்கம் வௌவாலுக்கு எழுதி வெச்சாச்சு, நமக்கு அனுமதி இல்ல.

ஸ்கார்பரோ பொடியன்:

நாங்கள் ரொறன்ரோவில இருந்து காரில வந்து கம்பர்லேண்டில சைக்கிளை இறக்கிக்கொண்டு வெளிக்கிட்டனாங்கள். நானும் மச்சானும். 24 மைல் ஏத்தம் எண்டு எல்லாரும் வெருட்டினவை. ரயில் ஏறின ஏத்தம்தானே, ரெண்டு வீதத்துக்குக் கூடப் போகாது. ஆனா ஒரு இடத்திலயும் விடாது. பெடல் மிதிக்கிறதை நிப்பாட்டினா சைக்கிளும் நிண்டுபோம். ஃப்ரொஸ்ட்பர்க் வரைக்கும் பக்கத்தில சுற்றுலா ரயில் ஓடுற தண்டவாளம் இருக்கு. ரயில் எங்களை முந்திக்கொண்டு போகேக்க பெட்டிக்குள்ள இருந்து சனம் எல்லாம் கை காட்டுது. மச்சானுக்குச் சரியான கோவம், “இவையள் இருந்துகொண்டு போகினம், நான் செத்துக்கொண்டு போறன்” எண்டு.

பிக் சாவேஜ் சுரங்கம் 3,300 அடிக்குக் கிட்ட. உள்ளுக்க லைட் இருக்கு, பாவ்பாவ் மாதிரி இல்லை. வெளியில நல்ல வெயில், வாசலில நிண்டா குளிர் காத்து முகத்தில அடிக்கும். குளிர்காலத்தில கதவு போட்டுப் பூட்டிவிடுவினம், ஏப்ரலில தான் திறப்பு. அதைப் பாத்து வாங்கோ.

அதுக்கு அங்கால 2,392 அடியில நீர்பிரி மேடு. இந்தப் பக்கம் விழுற மழை பொடோமக்குக்குப் போய் அத்திலாந்திக்கில சேரும். அந்தப் பக்கம் விழுறது ஒஹாயோ, மிசிசிப்பி எண்டு சுத்தி மெக்சிக்கோ வளைகுடாவுக்குப் போகும். மச்சான் ஃபிளாஸ்கில மிச்சம் கிடந்த தேத்தண்ணியை ரெண்டு பக்கமும் பாதி பாதியா ஊத்தினவர். பின்னால வந்து நிண்ட வெள்ளைக்காரக் கிழவர் ஒருத்தர் அதைப் பாத்துப்போட்டு, தன்ர போத்தலையும் திறந்து ஊத்தினார். பிறகு மயர்ஸ்டேல் பழைய ஸ்டேசன் வரைக்கும் எங்களோடதான் வந்தவர். 1975இல இந்தப் பாதையில ரயில் நிக்கேக்க தான் பள்ளிக்கூடப் பொடியனாம். ரயில் சத்தம் இல்லாமல் முதல் கிழமை ஊரில ஒருத்தருக்கும் நித்திரை வரயில்லையாம். பொடோமக்வாசி அண்ணா, நீங்கள் காதடைப்பான் தேடுறியள்.

ஓய்வூதியர்:

நீண்ட பயணங்கள் என் முழங்காலுக்கு ஒத்துவராது. ஜார்ஜ்டவுனிலிருந்து கிரேட் ஃபால்ஸ் வரை போய்த் திரும்புவதே எனக்குப் போதும். ஜார்ஜ்டவுனில் கால்வாய் ஓரமாக நீதிபதி வில்லியம் டக்ளஸின் மார்பளவுச் சிலை ஒன்று உண்டு. அதனடியில் நிழலில் நின்றிருந்தபோது நம் ஊர்ப் பிள்ளைகள் இருவர், வாடகை சைக்கிளில் வந்தவர்கள், “அங்கிள், இவர் யார்?” என்று கேட்டார்கள். இந்தக் கால்வாய்க் கரையில் கார் சாலை போடும் திட்டம் இருந்தது, வாஷிங்டன் போஸ்ட் தலையங்கமும் அதை ஆதரித்தது, உச்சநீதிமன்ற நீதிபதியான இவர் “என்னோடு நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்” என்று அந்த ஆசிரியர்களை அழைத்தார் என்று சொன்னேன். 1954இல் கம்பர்லேண்டிலிருந்து புறப்பட்ட பெருங்கூட்டத்தில் கடைசி வரை முழுத் தூரமும் நடந்தவர்கள் ஒன்பது பேர். சாலைத் திட்டம் கைவிடப்பட்டது. 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவானது. பிள்ளைகளில் ஒருத்தி, “தலையங்கம் எழுதினவங்க நடந்தாங்களா?” என்று கேட்டாள். போனார்கள், முழுத் தூரம் அல்ல என்றேன். “அதான பார்த்தேன்” என்றாள்.

மெதுவாப்போறவன்:

சின்னதா ஒண்ணு. மே மாசம், ஷெப்பர்ட்ஸ்டவுன் பக்கம், டோபாத்துக்குக் குறுக்கால கறுப்பா ஆறடிப் பாம்பு வெயில் காயுது. ரெண்டு பக்கமும் சைக்கிள்காரங்க இறங்கி நிக்கறாங்க. ஓடிப் பயிற்சி எடுத்துட்டு வந்த ஒரு பொண்ணு, “எலிப் பாம்பு, விஷம் கிடையாது, அதுக்கு அவசரம் இல்ல”ன்னு சொல்லிட்டு அந்தப் பொண்ணும் நின்னுடுச்சு. கால் மணி நேரம் ஒம்போது பேர் ஒரு பாம்புக்காகக் காத்திருந்தோம். கூட வந்த நம்ம மதுரை நண்பர் மட்டும் கன்னத்துல போட்டுக்கிட்டார். கொஞ்ச நேரத்துல பாம்பு நகர்ந்துச்சு. தன்னாலதான்னு அவர் இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியறார்.

பொடோமக்வாசி:

எல்லாருக்கும் நன்றி. தாராபுரத்து அக்கா, பாவ்பாவ்னு பேர் வர்றதுக்குக் காரணமான அந்தப் பழத்தைச் சாப்பிட்டீங்களா?

தாராபுரத்துப் பொண்ணு:

அதைச் சொல்லாம விட்டுட்டனுங்களா! செப்டம்பர் மாசம் போகோணும். கரையோரம் பூராவும் பெரிய இலையோட நிக்கற சின்ன மரம்தான். நம்ம சீத்தாப்பழ வகையறாங்க. உள்ளாற மஞ்சளா, கொழகொழன்னு, பெரிய பெரிய கொட்டையோட இருக்கும். தானா கீழ விழுந்ததுதான் ருசி, காய் பறிச்சு வெச்சா பழுக்காது. கொட்டையும் தோலும் வயித்துக்கு ஆகாது, துப்பிருங்க. ரெண்டு நாளைக்கு மேல தாங்காதுங்கறதால கடையில கிடைக்கறது அபூர்வம். வீட்டுக்காரரு ஒண்ணைப் பையில வெச்சுக் கொண்டுவந்தாரு, ஹான்காக் வந்து சேர்றதுக்குள்ள மாத்துச் சட்டை பூராவும் கூழு.